பத்தாவது ஆள்

தாமுவே, ரங்கூன்
9 ஜூன் 2024

கர்த்தருக்குள் அன்பான சுகிர்தம் அக்காவுக்கு, தம்பி ராஜரத்தினம் எழுதிக்கொள்வது. இதில் சொல்லப்போவது:

1. என் உடல்நலம்.
2. ஊ எஸ்ரா கேட்டிருக்கும் உதவி.
3. அந்த உதவிக்கு நான் தகுதியானவன்தானா என்ற சந்தேகம்.
4. அம்மாவைப் பற்றி உங்களிடம் ஒரு கேள்வி.

சிரிக்க வேண்டாம். நாற்பது வருடம் கணக்குப் பாடத்துக்குக் குறிப்பு எழுதிய கை, குறிப்பு இல்லாமல் நகர மறுக்கிறது.

முதலாவது: ரத்த அழுத்தம் மாத்திரையில் நிற்கிறது. கால் வீக்கம் வடிந்துவிட்டது. மின்சாரம் இருக்கும்போது தண்ணீர் ஏற்றிக்கொள்கிறோம். உங்கள் காது எப்படி? போன முறை தொலைபேசியில் நான் கத்தியது மூன்று மாடிக்கும் கேட்டது, உங்களுக்கு மட்டும் கேட்கவில்லை. ஆகவே இனிக் கடிதம்தான்.

இரண்டாவது. இதற்கு மட்டும் மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

எஸ்ராவை உங்களுக்கு நினைவிருக்கும். ரயில்வே குடியிருப்பில் நம்மோடு கோலி விளையாடித் தமிழ் கற்றுக்கொண்ட யூதப் பையன். இப்போது எண்பது வயது. பெண்களுக்கு ‘டோ’ போல அவர் பேருக்கு முன்னால் மரியாதைக்கு ‘ஊ’ வந்துவிட்டது. என் எதிர்வீட்டில் மின்விசிறி ரிப்பேர் செய்து பிழைக்கிறார். அவர் மனைவி டோ ரெபெக்கா போன டிசம்பரில் இறந்தார். இறந்தவருக்காக அவர்கள் நின்று சொல்லும் ஒரு ஜெபம் உண்டு. யூத ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் அதைச் சொல்லலாம். அடக்கத்தன்று ஒன்பது பேர்தான் இருந்தார்கள். வெளிநாட்டு யூதர்கள் வரத்துக் குறைந்துவிட்ட காலம். எஸ்ரா புத்தகத்தைத் திறந்தபடி கல்லறைத் தோட்டத்து வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மூடிவிட்டார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

வருகிற டிசம்பரில் முதல் வருட நினைவு நாள். பாங்காக்கிலிருந்து அவர்களுடைய வேத ஆசிரியர், ரபி என்பார்கள், சிலரை அழைத்துக்கொண்டு வருகிறார். அப்படியும் ஒன்பதுதான். போன வாரம் எஸ்ரா மூச்சு வாங்க என் மாடி ஏறி வந்தார்.

“சயா, உங்கம்மா பேரென்ன?” பாடம் நடத்தியவன் என்பதால் தெருவில் எல்லோருக்கும் நான் சயாதான்.

“மரியம்மாள்.”

“அது உங்கப்பாவைக் கட்டின பிறகு. அதுக்கு முந்தி?”

“மிரியம்.”

“எங்க ஆளு பொண்ணு. எங்க சட்டத்துல பிள்ளை அம்மா பக்கம்தான். அப்ப நீ யாரு? பத்தாவது ஆளை எதுத்த வீட்டுல வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கேன் நான், முட்டாள்!”

மூன்றாவது: நான் ஞானஸ்நானம் பெற்றவன். சபை மூப்பன். ஞாயிறுதோறும் வேதம் வாசிப்பவன். ஒருவன் யூதனாகவும் கிறிஸ்தவனாகவும் ஒரே சமயத்தில் இருக்க முடியுமா? முடியாது என்றே தோன்றுகிறது. ஆனாலும் அக்கா, அன்று முழுவதும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நான் இல்லாமல் ஒரு காரியம் நடக்காது என்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

நான்காவது: அம்மா கடைசி வரையில் மனதுக்குள் யாராக இருந்தார்? கோவிலுக்கு ஒரு ஞாயிறு தவறியதில்லை, அது தெரியும். உங்களிடம் எப்போதாவது ஏதாவது சொன்னாரா? நீங்கள் மூத்தவர்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். உங்கள் ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி
ராஜரத்தினம்


வியாசர்பாடி, சென்னை
14 ஜூலை 2024

அன்புத் தம்பி ராஜாவுக்கு, அக்காவின் ஆசீர்வாதம்.

கடிதம் வந்து சேர மூன்று வாரம். நம்பர் போடாமல் நலம் விசாரிக்க உனக்குத் தெரியாதா? காது போனது போனதுதான். மருமகள் திட்டுவது கேட்காததால் வீட்டில் சமாதானம் நிலவுகிறது. அவளும் நலம், பிள்ளைகளும் நலம்.

உன் மூன்றாம் நம்பருக்குப் பதில்: முடியாது. ரட்சகர் வந்துவிட்டார் என்கிறோம் நாம். இன்னும் வரவில்லை என்கிறார்கள் அவர்கள். ஒரே ஆள் விருந்தாளிக்கு இலை போட்டுப் பரிமாறிக்கொண்டே, இன்னும் ஆளைக் காணோமே என்று தெருவையும் எட்டிப் பார்த்தால் பைத்தியம் என்பார்கள்.

எஸ்ரா நல்லவன். எனக்கு மாங்காய் பறித்துக் கொடுத்தவன். பணிவாகச் சொல்லி அனுப்பிவிடு. இங்கே அம்மாவின் பூர்வீகம் யாருக்கும் தெரியாது. பேரன் போதகர் படிப்பு முடிக்கப்போகிறான். இந்த வயதில் எனக்குப் புது விளக்கங்கள் சொல்லத் தெம்பு இல்லை.

உப்பைக் குறை. வீக்கம் அதனால்தான்.

கர்த்தர் காப்பாராக.
அக்கா


தாமுவே
4 ஆகஸ்ட் 2024

அன்பான அக்காவுக்கு ஸ்தோத்திரம். உப்பைக் குறைத்தாயிற்று. குறிப்புகள்:

1. என் நான்காவது கேள்விக்குப் பதில் வரவில்லை.
2. போதகர் சொன்னது.
3. தயிர்.

முதலாவதில் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. மறந்திருப்பீர்கள்.

இரண்டாவது: எஸ்ராவிடம் பணிவாகச் சொல்லத்தான் போனேன். அவர் மனைவியின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து ஒரு விசிறியைப் பிரித்துக்கொண்டிருந்தார். சொல்ல வாய் வரவில்லை. அங்கிருந்து நேரே நம் போதகர் செல்வத்திடம் போனேன். என்னை மூப்பர் பொறுப்பிலிருந்து நீக்கிவிடுவார் என்ற பயத்தோடுதான் போனேன். அவர் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஐயா, பேதுரு யாரு? பவுல் யாரு? ஆண்டவரே எந்த வீட்டுப் பிள்ளை? நீங்க சொந்த வீட்டுக்காரர். நாங்கதான் பின்னால வந்து வாடகைக்கு இருக்கோம்!”

“அப்படியானால் முடியும் என்கிறீர்களா?”

“தாராளமா முடியும். ஆனா கமிட்டில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

தாராளமாக முடியும் ஒன்றை ஏன் சொல்லக்கூடாது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாவது! இதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆட்டுக்கறி சமைத்த நாளில் அம்மா நமக்குத் தயிரோ மோரோ தந்ததுண்டா? “உடம்புக்கு ஆகாது, தோல் வெளுத்துடும்” என்பார். இறால் தின்றால் சொறி வரும் என்பார். அப்பா ஆசையாக வாங்கி வரும் பன்றிக்கறிச் சட்டியை வாடை என்று சொல்லித் தொடமாட்டார். இதைப் பேச்சுவாக்கில் எஸ்ராவிடம் சொன்னேன். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

“சயா, அது வைத்தியம் இல்ல. அது சட்டம்!”

இறைச்சியும் பாலும் சேரக்கூடாதாம். தண்ணீரில் வாழ்வதில் செதிள் இல்லாத எதுவும் கூடாதாம். எஸ்ரா மொஹிங்கா கடைப்பக்கம் போகாததன் காரணமும் அதுதானாம். நூடுல்ஸ் மேல் ஊற்றும் குழம்பில் செதிள் இல்லாத கெளுத்தி மீன். அவருக்கு நூடுல்ஸ் பிடிக்காது என்றல்லவா நான் நினைத்திருந்தேன்!

அக்கா, நாம் சிறு வயது முழுவதும் அந்தச் சட்டத்தைத் தின்று வளர்ந்திருக்கிறோம், உடல்நலக் குறிப்பு என்று நினைத்துக்கொண்டு. எனக்குக் காய்ச்சல் வந்ததுபோல் இருக்கிறது. நான் இல்லாததைப் பொருத்திப் பார்க்கிறேனோ? தவறானால் திருத்துங்கள்.

தங்கள் பதிலைப் பார்த்திருக்கும்
தம்பி


வியாசர்பாடி
8 செப்டம்பர் 2024

தம்பி ராஜாவுக்கு, அக்காவின் அன்பு. உன் கால் எப்படி? எனக்கு இடது கண்ணில் புரை என்கிறார்கள்.

தயிர் சேதியைப் படித்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன், என்ன செய்வதென்று தெரியாமல். இந்த வீட்டில் கறி எடுத்த நாளில் தயிர் கிடையாது. நான் கப்பல் ஏறி வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். வெண்குஷ்டம் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மருமகளுக்கு என் மேல் வந்த முதல் கோபமே அதுதான். அவளுக்காகப் பேசிய ஒரு டாக்டரோடும் சண்டை போட்டிருக்கிறேன். கல்யாணமாகிப் போன பேத்தி தன் மாமியாரிடம் இதே சண்டையைப் போடுகிறாள். இப்போது நான் அவர்களிடம் என்ன சொல்வது? ஐயோ, அது குஷ்டம் இல்லை, அது எங்கள் பாட்டனார் சட்டம் என்றா?

போன ஞாயிறு பிரியாணி. மருமகள் வேண்டுமென்றே தயிர்ப் பச்சடி வைத்தாள். நான் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றேன்.

உன் போதகர் சின்னப் பையன். அவன் சொல்வதை எல்லாம் வேதமாக எடுத்துக்கொள்ளாதே.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. தெருவில் முழங்கால் தண்ணீர்.

அக்கா


தாமுவே
29 செப்டம்பர் 2024

அன்பான அக்காவுக்கு ஸ்தோத்திரம். கண்ணுக்கு என்ன சொல்கிறார்கள்? தள்ளிப்போடாமல் அறுவை சிகிச்சை செய்துகொள்ளுங்கள். என் கால் நன்றாக இருக்கிறது. எஸ்ராவின் மாடியைத் தினமும் ஏறுகிறேன்.

1. ரபியின் பதில் வந்துவிட்டது.
2. நான் யார் என்பதும் தெரிந்துவிட்டது.

எஸ்ரா தொலைபேசியில் என் கதை முழுவதையும் ரபிக்குச் சொல்லி, பதிலையும் வாங்கிவிட்டார். பதில் இது: யூதத் தாய்க்குப் பிறந்தவன் யூதன்தான். அதை அவனாலும் மாற்ற முடியாது, பிறராலும் முடியாது. ஆனால் தானாக விரும்பி வேறு வழிபாட்டுக்குப் போனவனைப் பத்துப் பேரில் ஒருவனாக எடுப்பதில்லை. சிறு வயதிலேயே பிறர் தூக்கிச் சென்று வளர்த்த குழந்தை என்றால் அவன்மேல் பிழையில்லை. அவனை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ராஜரத்தினம் எந்த வகை?

எஸ்ரா தொலைபேசியை வைத்துவிட்டு என் தோளில் அடித்தார். “தூக்கிட்டுப் போன குழந்தை! சந்தேகமே இல்ல! பொறந்த உடனே உங்கப்பா கொண்டுபோய் நனைச்சுட்டாரு. உன்னை யாராவது கேட்டாங்களா?”

இல்லையே அக்கா. என்னை யாரும் கேட்கவில்லையே! எழுபத்தாறு வயதில் நான் தூக்கிச் செல்லப்பட்ட குழந்தை என்று கண்டுபிடித்திருக்கிறேன். அன்றைக்கு ரபி நேரில் ஒரே ஒரு முறை கேட்பாராம். ஆம் என்று நான் தலையை அசைத்தால் போதும். கிறிஸ்துவை மறுதலிக்கச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. எல்லாப் பக்கமும் பொருந்தி வருகிறது. ஒரு கணக்கு இவ்வளவு சுத்தமாக முடிந்து நான் பார்த்ததில்லை.

கீழ்வீட்டுத் தையல்காரி சாயிமா மீந்துபோன லுங்கித் துணியில், ஜெபத்தில் தலையை மூட எனக்கு ஒரு தொப்பி தைத்துத் தந்தாள். “யாருக்குக் கல்யாணம் அங்கிள்?” என்கிறாள். எஸ்ரா எனக்குப் பதில் சொல்லும் இடங்களைப் பழக்குகிறார். பெரும்பாலும் ‘ஆமென்’தான். அது எனக்குத் தெரியும் என்றேன். “எப்படித் தெரியாமப் போகும்? எங்ககிட்ட வாங்கினதுதானே!” என்றார்.

டிசம்பர் எட்டாம் தேதி, ஞாயிறு, மூன்று மணி, இருபத்தாறாம் தெரு ஜெப ஆலயம். காலையில் நம் கோவிலில் வாசிப்பும் எனக்குத்தான். இரண்டும் ஒரே நாளில்!

சம்மதம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

தம்பி


தாமுவே
27 அக்டோபர் 2024

அன்பான அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

1. கடிதம் வரவில்லை.

தபால் தாமதமாக இருக்கலாம். அல்லது கண்ணா? அல்லது நான் எழுதியதில் ஏதேனும் உங்களைப் புண்படுத்தியதா? நகல் எடுத்து வைத்துக்கொள்ளாததால் என்ன எழுதினேன் என்று சரிபார்க்க முடியவில்லை. சந்தோஷத்தில் அதிகம் எழுதியிருப்பேன்.

எஸ்ரா புதுச் சட்டை தைத்துக்கொண்டுவிட்டார். வீட்டில் நினைவு விளக்கு ஏற்றும் இடத்தையெல்லாம் துடைக்கிறார். டோ ரெபெக்காவின் படத்தைப் பார்த்து, “பொறு, பொறு, ஆள் கிடைச்சாச்சு” என்று பர்மியில் சொல்வதை என் காதால் கேட்டேன்.

தம்பி


வியாசர்பாடி
3 நவம்பர் 2024

தம்பிக்கு ஆசீர்வாதம்.

கண் ஆபரேஷன் முடிந்தது. பேரன் எழுதுகிறான், நான் சொல்லச் சொல்ல. ஆகவே அதிகம் இல்லை. நீ கேட்ட ஒரு வரியை இவன் கையால் எழுத எனக்கு இஷ்டமில்லை. கட்டுப் பிரித்ததும் நானே எழுதுகிறேன். அதுவரை தொப்பியைப் போட்டுக்கொண்டு தெருவில் அலையாதே.

அக்கா


வியாசர்பாடி
21 நவம்பர் 2024

அன்புத் தம்பி ராஜாவுக்கு, அக்கா தன் கையால் எழுதுவது. கண் நன்றாகத் தெரிகிறது. சுவரில் எவ்வளவு அழுக்கு! ரங்கூனுக்கு வரும் ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எட்டாம் தேதிக்குள் உனக்குக் கிடைக்க வேண்டும்.

உன் தூக்கிச் சென்ற குழந்தையைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

உனக்குப் பதினைந்து வயது. திடப்படுத்தல் ஆராதனை. அன்றுதான் பேராயர் ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டார், நீயாகவே விசுவாசிக்கிறாயா என்று. வகுப்பில் வாய் திறக்காத பையன் நீ. உன் முறை வந்தால் குரல் வராது என்று அப்பா பயந்துகொண்டிருந்தார். நீ சொன்ன ‘ஆம்’ கடைசி வரிசை வரை கேட்டது. கடைசி வரிசையில் அம்மாவும் நானும் இருந்தோம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதார். ஏன் என்று நான் கேட்கவில்லை. உன்னைக் கேட்டார்கள் தம்பி. நீ பதில் சொன்னாய்.

இனி உன் நான்காவது கேள்வி. மறந்து போகவில்லை. அறுபது வருடமாக யாரிடமும் சொல்லாததால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

அம்மாவையும் யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. அப்பாவைப் பிடித்திருந்தது, கூடப் போனார். கோவிலையும் பிடித்திருந்தது. அம்மாவின் பிறந்த வீட்டில் அவர் செத்துவிட்டதாகவே சடங்கு செய்து தரையில் உட்கார்ந்தார்களாம். ஜப்பான்காரன் வந்தபோது அவர்கள் கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறினார்கள், இவரிடம் சொல்லாமல். அப்போது நான் கைக்குழந்தை.

நான் இந்தியாவுக்குப் புறப்பட்ட அன்று துறைமுகத்தில் அம்மா என் தலையில் இரண்டு கையையும் வைத்து, அவர்கள் பாஷையில் நீளமாக ஏதோ சொன்னார். மூச்சு விடாமல் “இயேசு கூட இருப்பார்” என்று தமிழில் முடித்தார். எனக்குக் கோபம். “எதும்மா உங்களுக்கு நிஜம்? ஒண்ணைச் சொல்லுங்க” என்றேன். அதற்கு அம்மா சொன்னது:

“புகுந்த வீட்டுக்கு நான் நடந்துதான் வந்தேன். அதுக்காகப் பிறந்த வீட்டுல பிறக்காதவளா ஆயிடுவேனா?”

அதற்கு மேல் சங்கு ஊதிவிட்டது. நான் அவரை மறுபடி பார்க்கவில்லை.

முடியாது என்று ஜூலையில் எழுதினேனே, அது நான் அம்மாவிடம் போட்ட சண்டையின் மிச்சம். முடியுமா முடியாதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் நடந்து போனவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று சொல்லாதே. உன்னையும் அப்படிச் சொல்லிக்கொள்ளாதே.

எஸ்ராவுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தலையசைப்புதான். நீ அசைத்தாலும் நான் உன் அக்காதான். பார்த்துச் செய்.

சுகிர்தம்


தாமுவே
8 டிசம்பர் 2024, மாலை

அன்பான அக்காவுக்கு ஸ்தோத்திரம். கண்ணில் தூசி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் வியாழக்கிழமை கையில் கிடைத்தது. மூன்று நாள் அதை எஸ்ராவிடம் காட்டாமல் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

1. ஆட்களை எண்ணிய விதம்.
2. நான் சொன்னது.
3. எஸ்ராவின் நட்பு இன்றோடு முடிந்தது.
4. என் தற்போதைய மனநிலை.

முதலாவது: காலை நம் கோவிலில் வாசித்துவிட்டு, சாப்பிடாமலே இருபத்தாறாம் தெருவுக்குப் போனேன். மின்சாரம் இல்லை. உயரத்திலிருந்து தொங்கும் விசிறிகள் எல்லாம் எஸ்ராவின் கை பட்டவை, அசையாமல் நின்றன. எஸ்ரா புதுச் சட்டையில், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு.

அவர்கள் மனிதரை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை அக்கா. அது ஆகாதாம். பத்துச் சொற்கள் உள்ள ஒரு சங்கீத வரியை எடுத்து, ஆளுக்கு ஒரு சொல் என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். வரி முடிந்துவிட்டால் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று அர்த்தம். ரபி இளைஞர், சிவந்த தாடி. ஒவ்வொரு முகமாகப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். ஒன்பது சொல் ஆயிற்று. பத்தாவது சொல்லை வாயில் வைத்துக்கொண்டு என் எதிரே நின்றார்.

ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாகக் கேட்டார்: “ஐயா, உங்களைச் சிறு வயதில் கொண்டுபோய்விட்டார்கள். நீங்களாகப் போகவில்லை. அப்படித்தானே?”

இரண்டாவது: தலையை அசைக்கத்தான் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். எஸ்ராவின் விரல் புத்தகத்தில் அந்த ஜெபத்தின் முதல் வரியில் இருந்தது.

“இல்லை” என்றேன். “பதினைந்து வயதில் நானே போனேன். இன்று காலையும் போய்விட்டுத்தான் வருகிறேன். என் தாயும் நடந்துதான் போனாள். ஆனால் அவள் இந்த வீட்டில் பிறந்தவள். அவளுக்குப் பிறந்தவன் நான். இதில் எதை விட்டுவிட்டுச் சொன்னாலும் பொய்யாகிவிடும்.”

சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் அக்கா. குரல் மேலே மோதித் திரும்பி வந்தபோதுதான் அது என்னுடையது என்று தெரிந்தது. கமிட்டியில் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட எழுந்து நிற்காதவன் நான்.

ரபி எஸ்ராவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “நீங்கள் யூதர் இல்லை என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. பத்தில் உங்களைச் சேர்க்கவும் எனக்கு அதிகாரம் இல்லை” என்றார். அந்தச் சொல்லை விழுங்கிவிட்டார். என் கையை மட்டும் இரண்டு கைகளாலும் பிடித்தார்.

எஸ்ரா புத்தகத்தை மூடினார். போன வருடம் பார்த்த அதே முகம். இந்த முறை வாசலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

பத்துப் பேர் இல்லாமலும் சொல்லக்கூடிய சங்கீதங்கள் உண்டு என்று ரபி சொன்னார். ஆளுக்கொன்றாக வாசித்தார்கள். எனக்கும் ஒன்று தந்தார். நான் தமிழில் வாசித்தேன். எஸ்ரா குனிந்த தலை நிமிரவில்லை.

மூன்றாவது: வெளியே வந்ததும் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஒரு நிமிஷம் சயா. ஒரே ஒரு நிமிஷம் வாயை மூடிட்டு நின்னிருந்தா போதும். முப்பது வருஷமா சர்ச் கமிட்டில மூடிட்டுத்தானே உக்காந்திருந்த? வாயத் தொறக்க உனக்கு இன்னைக்குத்தான் நாள் கிடைச்சுதா? இந்த இடந்தான் கிடைச்சுதா?”

டாக்சியில் என்னை ஏற்றிக்கொள்ளாமல் போய்விட்டார். எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது. சன்னல் சாத்தியிருக்கிறது. அவருக்குக் கிடைக்கவிருந்ததை நான் பறித்தேன். மன்னிப்புக் கேட்டால், சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். அது தவறு இல்லை. ஆகவே நட்பு முடிந்தது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நான்காவது: இதை எப்படிச் சொல்வேன்? இவ்வளவுக்குப் பிறகும் என் நெஞ்சு துள்ளுகிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் துள்ளுகிறது. அம்மா இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதுபோல் இன்றைக்கு நானும்

9 டிசம்பர், காலை

மேலே உள்ள வாக்கியம் மின்சாரம் போனதால் நின்றுவிட்டது. இப்போது முடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். முடிக்க முடியவில்லை. காரணம், எஸ்ரா எதிரே உட்கார்ந்து என் டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறார்.

ஏழு மணிக்குக் கதவை இடித்தார். திறந்ததும், “ஜெபம் சொல்லலை. எனக்கு வலிக்குது. அதை முதல்ல தெரிஞ்சுக்கோ” என்றார்.

“தெரியும்” என்றேன்.

“பழைய மோட்டாருக்குப் புது வயர் சுத்தி, புதுசுன்னு வித்தா ரெபெக்கா அன்னைக்கு எனக்குச் சோறு போட மாட்டா. ராத்திரியெல்லாம் அதையே நினைச்சுட்டுப் படுத்திருந்தேன். உன்னை நான் அப்படித்தான் வயர் சுத்தி வச்சிருந்தேன்.” நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “சர்க்கரை இருக்கா?”

கொடுத்தேன். கலக்கிக்கொண்டே, “அடுத்த டிசம்பர் வந்துடு” என்றார்.

“நான் எதற்கு? என்னைத்தான் சேர்க்க முடியாதே.”

“பத்தாவது ஆளை நான் எங்கேயாவது தேடிப் பிடிக்கிறேன். அது என் பாடு. நீ பதினொண்ணாவதா நில்லு. பதினொண்ணாவது ஆளுகிட்ட யாரும் எதையும் கேக்க மாட்டாங்க.”

அப்புறம் என் மேசையை எட்டிப் பார்த்தார். நம்மோடு விளையாடியவர், தமிழ் படிக்கவும் கொஞ்சம் தெரியும். விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார். மூன்றாவதில் விரல் நின்றது.

“என்னது இது? யார் சொன்னா முடிஞ்சுதுன்னு? அடி இதை!”

“மையில் எழுதிவிட்டேன். அடித்தால் பக்கம் அசிங்கமாகிவிடும்.”

“அப்ப கீழே எழுது. உங்கக்கா படிக்கட்டும். நான் இங்கேயே உக்காந்து பாக்கறேன்.”

பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகவே, அக்கா, என் மூன்றாவது குறிப்பு தவறு.

தம்பி
ராஜரத்தினம்